வரத்தைச் சபைக்காகச் செலவிடுவது: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்து சில மாதங்கள் ஆனதும் பெரும்பாலானவர்களுக்கு ஒரு கேள்வி வந்துவிடும்: "இங்கே நான் என்ன செய்வது?" பாடுகிறோம், ஜெபிக்கிறோம், செய்தி கேட்கிறோம், வீட்டுக்குப் போகிறோம். இது மட்டும் போதாது என்று உள்ளே ஏதோ உறுத்தும். அந்த உறுத்தல் நல்லது. அதை அடக்கிவிடாதீர்கள்.

அதன் பின்னாலேயே இன்னொரு கேள்வியும் வரும்: "என் வரம் என்ன?" சபையின் நன்மைக்காகத் தேவன் ஒருவருக்குத் தருகிற திறனைத்தான் வரம் என்கிறோம். பலர் இதிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். வரம் எதுவென்று தெரியட்டும், அப்புறம் ஊழியம் செய்யலாம் என்று காத்திருந்தே வருடங்கள் ஓடிவிடுகின்றன. நான் வேறு வழியைச் சொல்கிறேன். சபையின் தேவையிலிருந்து தொடங்குங்கள். வேலை செய்யும்போதுதான் வரம் துலங்கும். அந்த வேலைக்கு ஒரு விலையும் உண்டு. அதைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். உங்கள் வீட்டார் அல்ல, உங்களோடு ஊழியம் செய்கிறவர்களும் அல்ல. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டைச் சுற்றியே வருகின்றன.

முதல் படி: நான்கு பகுதிகளை வாசியுங்கள்

புதிய ஏற்பாட்டில் ரோமர் 12, 1 கொரிந்தியர் 12 முதல் 14 வரை, எபேசியர் 4, 1 பேதுரு 4. வரங்களைப் பற்றி யார் எது சொன்னாலும் கடைசியில் இந்த நான்கு இடங்களுக்குத்தான் வந்து நிற்கும். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, கையில் ஒரு நோட்டோடு வாசியுங்கள்.

வாசிக்கும்போது ஒன்று கண்ணில் படும். பட்டியல்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ரோமர் 12:6-8இல் ஏழு வரங்கள் வருகின்றன: தீர்க்கதரிசனம், ஊழியம், போதித்தல், புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல், தலைமை, இரக்கம். 1 கொரிந்தியர் 12:8-10இல் ஒன்பது. அவற்றில் குணமாக்குதல், அற்புதம், அந்நிய பாஷை, அதன் வியாக்கியானம் எல்லாம் உண்டு. அதே அதிகாரத்தின் 28ஆம் வசனத்தில் உதவி செய்வதும் நிர்வகிப்பதும் சேர்ந்துகொள்கின்றன. எபேசியர் 4:11இல் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர் என்று ஆட்களையே ஈவாகக் கொடுத்ததாக வருகிறது. பேதுருவோ பேசுவது, உதவி செய்வது என்று இரண்டே பிரிவுகளில் முடித்துவிடுகிறார்.

ஆகவே எந்தப் பட்டியலும் முழுமையானது என்று சொல்ல முடியாது. "இதில் எதுவும் எனக்குப் பொருந்தவில்லையே" என்று கலங்க வேண்டாம். யாத்திராகமம் 31இல் பெசலெயேல் என்றொருவர் வருகிறார். அவர் பிரசங்கி அல்ல, கைவினைஞர். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்வதற்காகவே தேவ ஆவியால் நிரப்பப்பட்டார் என்று அங்கே எழுதியிருக்கிறது. உடைந்த நாற்காலியைச் சரிசெய்கிறவருக்கும், மின்சார வேலை தெரிந்தவருக்கும், கணக்கை ஒழுங்காக எழுதுகிறவருக்கும் சபையில் இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை.

இரண்டு விஷயங்கள் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன என்றும் பாருங்கள். ரோமர் 12இல் வரங்கள் ஆறாம் வசனத்தில்தான் வருகின்றன. முதல் வசனத்தில் வருவது ஜீவபலி. மூன்றாம் வசனத்தில், தன்னைப் பற்றி அளவுக்கு மிஞ்சி எண்ணாதிருக்கும்படி ஓர் எச்சரிப்பு. தன்னை ஒப்புக்கொடுப்பது முதலில், தெளிந்த புத்தி அடுத்து, அதற்குப் பிறகுதான் வரம். கொரிந்தியர் நிருபத்தில் வரங்களைப் பற்றிய 12ஆம், 14ஆம் அதிகாரங்களுக்கு நடுவில் அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரம் நிற்கிறது. கொரிந்து சபை எந்த வரத்திலும் குறைவுபடாத சபை என்று அந்த நிருபத்தை எழுதிய பவுலே 1:7இல் சொல்கிறார். ஆனாலும் அது கட்சி கட்சியாகப் பிரிந்து கிடந்தது. வரம் நிறைந்த சபையும் அன்பில் வறண்டுபோகலாம். தொடக்கத்திலேயே இதைத் தெரிந்துகொள்வது உங்களைப் பல கண்ணிகளிலிருந்து காப்பாற்றும்.

அந்நிய பாஷை, குணமாக்குதல், தீர்க்கதரிசனம் போன்ற வரங்கள் இன்றும் தொடர்கின்றனவா, அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தனவா என்பதில் சபைகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் சபை என்ன போதிக்கிறது என்று போதகரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொடர்கின்றன என்று நம்புகிற சபையிலும் 1 கொரிந்தியர் 14இன் ஒழுங்கு உண்டு: பாஷை பேசுவோர் இரண்டு அல்லது மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஒருவர். தீர்க்கதரிசனம் சொல்லப்பட்டால் மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும்.

இரண்டாம் படி: சில வாரங்கள் வெறுமனே கவனியுங்கள்

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் ஒரு புகாரோடு தொடங்குகிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய யூத விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவானும் பிலிப்புவும் அதில் இருந்தார்கள். பந்தி விசாரிக்க நியமிக்கப்பட்ட அந்த ஸ்தேவான்தான் பிறகு ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று பேசி இரத்தசாட்சியானார். பிலிப்பு சமாரியாவில் பிரசங்கித்தார். அப்போஸ்தலர் 21:8 அவரைச் சுவிசேஷகன் என்றே அழைக்கிறது. அவர்களுடைய பெரிய வரங்கள் வெளிப்படுமுன் அவர்கள் கையில் கிடைத்தது உணவு பரிமாறும் பொறுப்பு. அதை அவர்கள் சிறிதாக நினைக்கவில்லை.

நீங்களும் ஒரு நான்கைந்து வாரங்கள் கண்ணைத் திறந்து பாருங்கள். ஆராதனைக்கு முன்னால் யார் வந்து கதவைத் திறக்கிறார்கள்? நாற்காலி போடுகிறவர் ஒரே ஆளா? ஆராதனை முடிந்ததும் யார் தனியாக நிற்கிறார்கள்? தொடர்ந்து இரண்டு வாரம் வராதவரை யாராவது விசாரித்தார்களா? முதியவர் ஒருவர் எப்படி வீட்டுக்குப் போகிறார்? கைக்குழந்தையோடு வந்த தாய் செய்தி கேட்க முடிகிறதா, வெளியிலேயே நின்றுவிடுகிறாரா? மைக், ஸ்பீக்கர் பார்க்கிற தம்பிக்கு ஒரு ஞாயிறாவது ஓய்வு கிடைக்கிறதா? காது கேளாதவர், பார்வையற்றவர், அந்த மொழி புரியாதவர் யாராவது இருக்கிறார்களா?

பார்த்ததை எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை யாரிடமும் குறையாகச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். புதிதாக வந்தவர் முதல் மாதமே சபையைத் திருத்தக் கிளம்பினால் மனங்கள் மூடிக்கொள்ளும். அது ஜெபத்துக்கான பட்டியலாக இருக்கட்டும். ஒவ்வொரு தேவைக்காகவும் ஜெபியுங்கள். ஏதாவது ஒன்று மட்டும் உங்களை விடாமல் பின்தொடரும், அதைப் பார்த்தும் பாராமல் போக முடியாது. அநேகமாக உங்கள் இடம் அதன் அருகில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: கேட்டு, சிறியதாகத் தொடங்குங்கள்

சும்மா இறங்கி வேலை செய்யாதீர்கள். அந்த வேலைக்குப் பொறுப்பானவர் யார் என்று விசாரித்து, அவரிடம் போய்ப் பேசுங்கள். ஆராதனை முடிந்த பரபரப்பில் வேண்டாம். அவருக்கு நேரம் இருக்கும்போது பேசுங்கள். இப்படிச் சொல்லலாம்: "ஐயா, ஆராதனைக்குப் பிறகு இடத்தைச் சுத்தம் செய்ய ஆள் குறைவாக இருப்பதுபோலத் தெரிகிறது. மூன்று மாதம் நான் வருகிறேன். உங்களுக்குச் சரி என்றால் எப்போது, எப்படி என்று சொல்லுங்கள்."

இந்தப் பேச்சில் மூன்று அம்சங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட வேலை, ஒரு கால அளவு, முடிவை அவரிடம் விடுவது. "எதுவானாலும் செய்கிறேன்" என்று பொதுவாகச் சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. இல்லாவிட்டால் எல்லாமே உங்கள் தலையில் வந்து விழும். கால அளவு வைப்பது அர்ப்பணிப்பு குறைவு என்று நினைக்க வேண்டாம். பொருத்தமில்லை என்று தெரிந்தால் மனக்கசப்பு இல்லாமல் விலக அது இருவருக்கும் வழிவிடுகிறது. சபைப் பணிவிடைக்காரரை முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லி 1 தீமோத்தேயு 3:10 அறிவுரை கூறுகிறது. சோதிக்கப்படுவதில் அவமானம் எதுவும் இல்லை.

ஏற்றுக்கொண்ட வேலையைச் சொன்ன நேரத்துக்குப் போய்ச் செய்யுங்கள். வர முடியாவிட்டால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், முடிந்தால் மாற்று ஆளையும் ஏற்பாடு செய்யுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் சபைகளில் நம்பிக்கை வளர்வதும் உடைவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நான்காம் படி: வரத்தை மற்றவர்கள் சொல்லட்டும்

வரங்களைக் கண்டுபிடிக்கக் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. உங்கள் சபையில் கொடுத்தால் நிரப்பித் தாருங்கள், தவறில்லை. பேச்சைத் தொடங்க அவை உதவும். ஆனால் அதில் வந்த விடையைப் பட்டமாக மாட்டிக்கொள்ளாதீர்கள். அந்தத் தாளில் தெரிவது நீங்கள் உங்களைப் பற்றி நினைப்பது மட்டும்தான்.

சீப்புருவைச் சேர்ந்த லேவியன் யோசே என்பவரை நமக்குப் பர்னபா என்றுதான் தெரியும். அந்தப் பெயரை அவர் தானே சூட்டிக்கொள்ளவில்லை. அப்போஸ்தலர்கள் கொடுத்த பெயர் அது, ஆறுதலின் மகன் என்று அர்த்தம். அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில் தன் நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்தார். 9ஆம் அதிகாரத்தில், எல்லாரும் பயந்து ஒதுக்கிய சவுலை (பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்டவர்) கையோடு அழைத்துப்போய் அப்போஸ்தலர்களிடம் சேர்த்தார். அவர் செய்தவையே அவருடைய வரத்துக்குச் சாட்சி.

உங்கள் மூன்று மாதம் முடியும்போது மூன்று கேள்விகளோடு உட்காருங்கள். நான் செய்ததால் யாருக்காவது உண்மையில் பயன் உண்டானதா? உடன் இருந்தவர்கள், முகஸ்துதி செய்யாதவர்கள், என்ன சொல்கிறார்கள்? களைத்து வீடு திரும்பும்போதும் உள்ளே ஒரு சந்தோஷம் மிஞ்சியதா? மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் அந்த வழியில் தொடருங்கள். மூன்றாவதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மேடையில் நிற்பது யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும், கேட்கிறவர்களுக்கும் அப்படி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கேட்கத் தைரியம் வேண்டும். போதகர், ஒரு மூப்பர், உங்களை நன்கு அறிந்த ஒரு நண்பர் என்று இரண்டு மூன்று பேரிடம், "மறைக்காமல் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருந்தவில்லை என்று தெரிந்தால் வேறு வேலைக்கு மாறுங்கள். ஆனால் ஒன்று. வரம் இல்லை என்பதற்காக எந்த விசுவாசியும் இரக்கம் காட்டுவதிலிருந்தோ கொடுப்பதிலிருந்தோ விலகிக்கொள்ள முடியாது. அவை எல்லாருக்கும் உள்ள கடமை. சிலருக்கு அதில் விசேஷ பெலன் தரப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிற பகுதி.

தாவீது ராஜா பலிபீடம் கட்ட அர்வனா என்பவரின் கதிரடிக்கும் களத்துக்குப் போனபோது, அர்வனா களத்தையும் மாடுகளையும் விறகையும் இலவசமாகவே கொடுக்க முன்வந்தார். தாவீது வாங்கவில்லை. தனக்குச் செலவில்லாததைத் தேவனுக்குப் பலியாகச் செலுத்த மாட்டேன் என்று சொல்லி ஐம்பது வெள்ளிச் சேக்கல் கொடுத்தார். 2 சாமுவேல் 24இல் இது இருக்கிறது. நமக்கு மிஞ்சிய நேரத்தை, நமக்குப் பிடித்த வேலைக்கு, நமக்கு வசதியான முறையில் கொடுத்துவிட்டு அதைத் தியாகம் என்று சொல்லிக்கொள்ளும்போது இந்தக் களத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு வரமும் ஒவ்வொரு விதமான விலை கேட்கிறது. அது பெரும்பாலும் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் இருக்காது.

போதிக்கிறவருக்கு விலை, வெளியே தெரியாத தயாரிப்பு நேரம். அரை மணி நேரம் பேசுவதற்குப் பின்னால் பல மணி நேர வாசிப்பும் ஜெபமும் இருக்கும். அதைவிடக் கடினம் திருத்தப்படுவதற்கு இணங்குவது. அப்பொல்லோ வேதத்தில் வல்லவர், நாவன்மை உள்ளவர். ஆனாலும் யோவானுடைய ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு தேவனுடைய வழியை இன்னும் தெளிவாக விளக்கினார்கள். இவர்கள் கூடாரம் செய்கிற தொழிலாளிகள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்க அப்பொல்லோவுக்கு மனம் இருந்தது. சண்டே ஸ்கூலில் பத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் போகிறவருக்கும் அந்த மனம் வேண்டும். போதகருக்கு அதிக ஆக்கினை, அதாவது கடுமையான தீர்ப்பு, உண்டு என்று யாக்கோபு 3:1 எச்சரிப்பதையும் மறக்க வேண்டாம்.

பாடுகிறவர்களும் இசைக்கருவி வாசிக்கிறவர்களும் கொடுக்க வேண்டிய விலை அவர்களுடைய ரசனை. உங்களுக்குப் பிடித்த பாட்டுக்குப் பதிலாக, சபையார் சேர்ந்து பாடக்கூடிய பாட்டு. உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதிக்குப் பதிலாக, கடைசி வரிசையில் இருக்கிற பெரியவருக்கும் எட்டுகிற சுருதி. திறமை அதிகமாக உள்ளவர் இதைச் செய்வது உண்மையிலேயே கஷ்டம். பயிற்சிக்கு ஒழுங்காக வருவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கொடுக்கிறவருக்குப் பணத்தைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. கொடுத்த பிறகு கையை எடுத்துக்கொள்வது. தன் பணத்தில் வாங்கிய பொருள் எங்கே இருக்க வேண்டும், யார் தொடலாம் என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற இயேசுவின் சொல்லை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு ஒருமுறையாவது பெயர் சொல்லாமல் கொடுத்துப் பாருங்கள். மனதுக்குள் எது முரண்டுபிடிக்கிறது என்று அப்போது தெரியும்.

இரக்கம் காட்டுகிறவர் கொடுப்பது தன் நேரத்தை, அதுவும் துண்டு துண்டாக, நினைத்தே பாராத வேளைகளில். நோயாளி நீங்கள் ஒதுக்கி வைத்த மணிக்குக் காத்திருக்க மாட்டார். துக்கத்தில் இருப்பவர் அதே கதையைப் பத்தாவது முறையும் சொல்வார். பவுல் இந்த வரத்துக்கு மட்டும் "உற்சாகத்துடன்" என்று சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. சலித்த முகத்தோடு செய்கிற உதவி, வாங்குகிறவரின் மனதை இன்னும் பாரமாக்கும். யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுது, அவர் தங்களோடு இருந்தபோது செய்துகொடுத்த உடைகளைக் காட்டினார்கள். அவர் பேசிய ஒரு வார்த்தைகூட வேதத்தில் பதிவாகவில்லை. உடைகள்தான் பேசின.

நிர்வாகம் செய்கிறவருக்கு நன்றி கிடைக்காது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒன்று பிசகினால் எல்லார் கண்ணும் அவர் மேல். இதைத் தெரிந்துகொண்டே ஏற்றுக்கொள்ளுங்கள்.

பிலிப்பி சபையிலிருந்து பவுலுக்கு உதவிப் பொருளைக் கொண்டுபோன எப்பாப்பிரோதீத்து வழியில் பிரசங்கம் செய்ததாக எங்கும் இல்லை. கொடுத்தனுப்பியதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார், கைதியாயிருந்தவரோடு இருந்து பணிவிடை செய்தார், சாகும் அளவுக்கு நோயுற்றார். அப்படிப்பட்டவர்களைக் கனமாக எண்ணுங்கள் என்று பவுல் அவரைத் திருப்பி அனுப்பும்போது எழுதினார். சபையில் முன்வரிசை யாருக்கு என்ற நம்முடைய கணக்கை இது அப்படியே மாற்றிப்போடுகிறது.

ஆறாம் படி: அந்த விலையை உங்கள் வீட்டார் கட்டவேண்டாம்

தியாகம் என்ற பெயரில் நடக்கிற பெரிய அநியாயம் இது என்பேன். ஒருவர் வாரத்தில் ஐந்து நாள் சபையில் இருக்கிறார், எல்லாரும் பாராட்டுகிறார்கள். வீட்டில் மனைவியோ கணவரோ தனியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். வயதான பெற்றோர் மருந்துக்குக் காத்திருக்கிறார்கள். பெயர் ஒருவருக்கு, பாரம் இன்னொருவருக்கு. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7இல் நேருக்கு நேர் கண்டித்தார். கொர்பான் என்று சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்ற அவர்களுடைய வழக்கம், தேவனுடைய கட்டளையையே அவமாக்குகிறது என்றார்.

ஆகவே எந்தப் பொறுப்பையும் ஏற்குமுன் வீட்டில் பேசுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நாட்கள், அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று வெளிப்படையாகப் பேசுங்கள். "கர்த்தருடைய வேலை" என்ற ஒரே வார்த்தையால் அவர்கள் வாயை அடைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, "உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். வருகிற பதிலை மதியுங்கள்.

உங்கள் உடலும் இதில் சேரும். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஜனங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தபோது, தனிமையான இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறும்படி இயேசு சீஷர்களை அழைத்தார். காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்த மோசேயிடம் அவருடைய மாமன் எத்திரோ, நீர் செய்வது நல்லதல்ல, நீரும் களைத்துப்போவீர், ஜனமும் களைத்துப்போகும் என்றார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். மோசேயே அந்த ஆலோசனையை ஏற்றுக்கொண்டார் என்றால் நாம் எம்மாத்திரம்?

தூக்கம் கெடுவது, சின்ன விஷயத்துக்கு எரிச்சல் வருவது, தனி ஜெபம் நின்றுபோவது, உதவாதவர்களைப் பார்த்து உள்ளே கசப்பு ஊறுவது இவையெல்லாம் நிறுத்தி யோசிக்கச் சொல்லும் அடையாளங்கள். அப்போது பொறுப்பில் ஒன்றைக் குறையுங்கள். "இப்போது என்னால் முடியாது, வேறு ஒருவரைப் பாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லலாம். 2 கொரிந்தியர் 8:12 இதற்கு நல்ல துணை: ஒருவனிடம் இல்லாததை வைத்தல்ல, இருப்பதை வைத்தே அவனுடைய மனவிருப்பம் அங்கீகரிக்கப்படும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். யாராவது உங்களைக் குற்ற உணர்வால் நெருக்கி வேலை வாங்கினால், மறுத்தால் ஆசீர்வாதம் போய்விடும் என்று பயமுறுத்தினால், அதற்கு இணங்க வேண்டியதில்லை. விசனத்தோடும் கட்டாயத்தினாலும் கொடுக்க வேண்டாம் என்பது காணிக்கைக்கு மட்டுமல்ல, நேரத்துக்கும் பொருந்தும். இஸ்ரவேலரின் ஆராதனைக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்கு ஜனங்கள் தேவைக்கு அதிகமாகவே கொண்டுவந்தபோது, போதும் நிறுத்துங்கள் என்று மோசே பாளயம் எங்கும் கூறச்செய்தார் என்று யாத்திராகமம் 36 சொல்கிறது. போதும் என்று சொல்லத் தெரிந்த தலைவர்களின் கீழ் ஊழியம் செய்வது பெரிய பாக்கியம்.

ஏழாம் படி: சில ஒழுங்குகளை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள்

பிள்ளைகளோடு ஊழியம் செய்கிறீர்கள் என்றால் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம். சபையில் பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டிருந்தால் கேட்டு வாங்கி வாசியுங்கள், இல்லையென்றால் உருவாக்கும்படி தலைவர்களிடம் கேளுங்கள். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் வந்தால் சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்காதீர்கள். சட்டப்படி யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லுங்கள்.

காணிக்கைப் பணத்தை ஒருவர் மட்டும் எண்ணக்கூடாது. எருசலேமுக்கான பெரிய உதவித் தொகையைக் கொண்டுபோகும்போது யாரும் குறைசொல்ல இடமிருக்கக் கூடாது என்று பவுல் நற்பெயர் பெற்ற சகோதரரைத் தீத்துவோடு அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடப்பதே தம் நோக்கம் என்று எழுதுகிறார். அவரே அவ்வளவு கவனமாக இருந்தால் நாம் இன்னும் கவனமாக இருக்கலாம்.

ஜெபக் குறிப்பாக உங்களிடம் சொல்லப்பட்டதை, சொன்னவரின் அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இரக்க ஊழியத்தில் இருப்பவர்கள் மேல் வைக்கப்படும் நம்பிக்கை இதில்தான் தங்கியிருக்கிறது.

கருத்து வேறுபாடு வரும். போதிக்கும் வரம் உள்ளவருக்கு இரக்கம் உள்ளவர் இளகியவராகத் தெரிவார், நிர்வாகம் செய்கிறவர் மற்றவர்களுக்குக் கறாராகத் தெரிவார். கண் கையைப் பார்த்து நீ எனக்குத் தேவையில்லை என்று சொல்லக்கூடாது என்று பவுல் எழுதியது இதற்குத்தான். மனத்தாங்கல் இருந்தால் மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் அவரிடமே தனியாகப் போய்ப் பேசுங்கள்.

எட்டாம் படி: இன்னொருவரைப் பழக்குங்கள்

ஒரு வருடம் ஆனதும், உங்கள் வேலையைக் கற்றுக்கொள்ள ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் பார்க்கட்டும், பிறகு இருவரும் சேர்ந்து செய்யுங்கள், அப்புறம் அவர் செய்ய நீங்கள் பாருங்கள். வேலையின் விவரங்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: சாவி எங்கே, யாருக்குப் போன் செய்வது, எந்த வாரம் என்ன தேவை.

இந்தப் படிதான் பலருக்கு மிகவும் வலிக்கும். நாம் இல்லாமலும் அது நடக்கும் என்று தெரியவருவது மனதுக்கு எளிதல்ல. பர்னபா தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிக் கண்டுபிடித்து அந்தியோகியாவுக்கு அழைத்துவந்தார். அப்போஸ்தலர் 13இன் தொடக்கத்தில் "பர்னபாவும் சவுலும்" என்று இருக்கிறது. அதே அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" என்று வரிசை மாறிவிடுகிறது. பர்னபா அதற்காக முகம் சுளித்ததாக எங்கும் இல்லை. உங்களைவிட நன்றாகச் செய்கிறவர் கிடைத்தால், அவரை முன்னே நிறுத்துவதும் உங்கள் வரத்தின் ஒரு பகுதிதான்.

பொறுப்பை ஒப்படைத்த பிறகு குறைந்தது இரண்டு மாதமாவது தலையிடாதீர்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். "நான் இருந்தபோது இப்படி இல்லை" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே வேண்டாம்.

இடம் கிடைக்கவில்லை என்றால்?

சில சபைகளில் நீங்கள் முன்வந்து கேட்டும் "இப்போது எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது" என்று பதில் வரலாம். மனம் சோர வேண்டாம். ஒருவேளை உங்களை இன்னும் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள். அதுவரை யாருடைய நியமனமும் தேவையில்லாத வேலைகள் ஏராளம். வாராவாரம் புதிதாக வந்த ஒருவரிடம் பெயர் கேட்டுப் பேசுங்கள், அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லி அழையுங்கள். வராதவருக்குப் போன் செய்யுங்கள். நடமாட முடியாதவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அவர் விரும்பினால் ஒரு சங்கீதம் வாசியுங்கள். தினமும் போதகருக்காகவும், அதிகம் பேசப்படாத ஒரு குடும்பத்துக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் கேட்கப் போகும்போது, இந்த வேலைகளில் எதையும் விட்டுவிடாமல் கேளுங்கள்.